மன்னார் முத்துப் பார்களும் இருவழி அனுமானமும்



மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே விரிந்து கிடக்கும் கடலின் அடியில் முத்துச்சிப்பி வாழும் திட்டுகள் பல உள்ளன. அவற்றைப் 'பார்' என்று வழங்குவர். செவல் பார், பெரிய பார், வங்காலைப் பார் என அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. பண்டு தொட்டே உலகறிந்த இப்பார்கள், ஆண்டுதோறும் விளையும் வயல்களைப் போன்றவை அல்ல. சில ஆண்டுகள் அள்ளிக் கொடுக்கும். பின்னர்ப் பல ஆண்டுகள் வெறுங்கையராய் நம்மைத் திருப்பி அனுப்பும். 1891 ஆம் ஆண்டில் முத்துக்குளிப்பு ஒன்று நடந்தது. அடுத்த குளிப்பு 1903 ஆம் ஆண்டிலேதான் வாய்த்தது. 1905 ஆம் ஆண்டிலோ ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் கரையேறின.

இத்தகைய கடலை நம்பி ஒரு குளிப்பை அறிவிப்பது எளிய காரியம் அன்று. அறிவிப்பு வெளிவந்ததும் கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்து படகுகள் புறப்படும். பாரசீகக் குடாப் பக்கத்து அராபியரும் வருவர். வணிகர், கடைக்காரர், சிப்பி கழுவுவோர், காவலர் எனப் பல்லாயிரவர் கூடுவர். நல்ல தண்ணீர் அரிதான அந்த மணற்கரையிலே சில கிழமைகளுக்குள் ஓலைப்பட்டினம் ஒன்று எழும். அப்படி எழுந்த பட்டினத்துக்குப் பாரிலே சிப்பி இல்லாமற்போனால், கடன்பட்டு வந்தவர் கதி என்னாவது? மாறாக, சிப்பி முதிர்ந்திருந்தும் அறிவியாது காலங்கடத்தினால், அவை வயது முற்றிக் கடலடியிலே மடிந்து போகும். தவறு எப்பக்கத்தில் நேர்ந்தாலும் இழப்பு பெரிதே.

ஆகவே பார்களைப் பார்வையிட்டுச் செய்தி திரட்டுவதும், அச்செய்திகளிலிருந்து முடிவு காண்பதும் அக்காலத்தில் தனிப் பொறுப்பாகவே விளங்கின. அப்பணியில் அடங்கிய சிந்தனை முறையை இன்று ஆராய்வோம். இக்காலத்தில் கணினிக்கு விதிகளைக் கற்பித்து, அதனை முடிவு காணச் செய்யும் அறிஞர் 'முன்னோக்குத் தொடர்', 'பின்னோக்குத் தொடர்' என இரு வழிகளைக் கூறுகின்றனர். இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு, இணைப்பதால் வரும் நன்மை யாது என்பன அவர்களிடையே நெடுநாள் ஆராயப்பட்ட வினாக்கள். அவற்றை விளக்குதற்கு மன்னார்க் கடலைவிடப் பொருத்தமான உரைகல் கிடைப்பதரிது.

முதலில் விதி என்றால் என்ன என்று காண்போம். 'இன்னின்ன நிபந்தனைகள் நிறைவேறினால் இன்ன முடிவைக் கொள்க' என்பதே விதி. ஒரு விதியின் முடிவு மற்றொரு விதிக்கு நிபந்தனையாக அமையலாம். இவ்வாறு சங்கிலிக் கண்ணிகள் போல் விதிகள் ஒன்றையொன்று பற்றிச் செல்வதனாலேயே 'தொடர்' என்னும் பெயர் வந்தது. விளக்கத்தின் பொருட்டு, முத்துப் பார்களைப் பற்றிய அறிவை மிகவும் எளிமையாக்கி ஆறு விதிகளாக வகுத்துக்கொள்வோம்.

முதலாம் விதி: ஒரு பாரிலே சிப்பி அடர்ந்திருந்து, அதன் வயதும் நான்காண்டுக்குக் குறையாதிருந்தால், அது முதிர்ந்த பார்.

இரண்டாம் விதி: ஒரு பார் முதிர்ந்த பாராயிருந்து, அங்கிருந்து எடுத்த மாதிரிச் சிப்பிகளின் முத்து நல்ல விலை பெறுமானால், அது பயன்தரும் பார்.

மூன்றாம் விதி: பயன்தரும் பார் ஒன்று இருந்து, வாடைக் காற்று ஓய்ந்து சோளகம் தொடங்குமுன் கடல் அமைதியாயிருக்குமானால், அப்பாரிலே குளிப்பை அறிவிக்கலாம்.

நான்காம் விதி: ஒரு பாரிலே இளஞ்சிப்பி படிந்திருந்து, அப்பார் சோளகக் காலத்து நீரோட்டத்துக்கு நேரே ஆட்பட்டிருந்தால், அது நிலையற்ற பார்.

ஐந்தாம் விதி: நிலையற்ற பாரிலுள்ள இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான வேறொரு பாருக்குப் பெயர்த்து இடுக.

ஆறாம் விதி: முதிர்ந்ததென்று கொண்ட பாரிலே புதிதாய் இறந்த ஓடுகள் மலிந்து காணப்பட்டால், அப்பாரைப் பற்றிய முன்னைய முடிவைக் கைவிட்டு மறுமுறை சோதிக்குக.

இனி, முன்னோக்குத் தொடர் எவ்வாறு இயங்கும்? கையிலுள்ள செய்தியிலிருந்து அது புறப்படும். எந்த விதியின் நிபந்தனைகள் நிறைவேறியுள்ளன என்று பார்த்து, அவ்விதியின் முடிவைப் புதிய செய்தியாகச் சேர்த்துக்கொள்ளும். அப்புதிய செய்தி வேறொரு விதியை எழுப்பும். இனிச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வரும்வரை இவ்வாறே செல்லும். கடலடியில் இறங்கியவன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கூடையில் இட்டு மேலே அனுப்புவதை இதற்கு உவமையாகச் சொல்லலாம்.

பின்னோக்குத் தொடரோ இலக்கிலிருந்து புறப்படும். 'செவல் பாரிலே குளிப்பை அறிவிக்கலாமா?' என்பது இலக்காயின், அம்முடிவைத் தரும் விதி எது என்று முதலில் தேடும். மூன்றாம் விதி அகப்படும். அதன் நிபந்தனைகள் இரண்டும் இப்போது சிற்றிலக்குகளாகிவிடும். பயன்தரும் பார்தானா என்று அறிய இரண்டாம் விதிக்குச் செல்லும். முதிர்ந்த பார்தானா என்று அறிய முதலாம் விதிக்குச் செல்லும். விதி எதுவும் விடை தாராத இடத்திலே, 'அங்கே சிப்பியின் வயதென்ன?' என்று மனிதரிடம் வினவும். படகின்மேல் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவன், 'இன்னது வேண்டும், அதை மட்டும் கொண்டு வா' என்று பணிப்பது போன்றது இது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். முன்னோக்கு என்பது காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது என்றும், பின்னோக்கு என்பது காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்வது என்றும் சிலர் எண்ணுவர். அது சரியன்று. மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவதைத் தருக்க நூலார் அனுமானத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அங்கே காரியமாகிய புகையிலிருந்து காரணமாகிய நெருப்பை அடைகிறோம். எனினும், 'புகையிருந்தால் நெருப்புண்டு' என்ற விதியை நிபந்தனையிலிருந்து முடிவுக்குக் கொண்டு செல்வதால், அது முன்னோக்கு நடையே ஆகும். 'அங்கே நெருப்புண்டா?' என்ற ஐயத்துடன் தொடங்கி, 'அப்படியாயின் புகை தெரிகிறதா?' என்று தேடிச் சென்றால் அது பின்னோக்கு நடை. விதி ஒன்றே, அதன்வழி நடக்கும் திசையே வேறு.

ஒவ்வொரு வழியிலும் ஒரு குறையுண்டு. பத்துப் பார்கள் உள்ளன என்று கொள்வோம். முன்னோக்குத் தொடர் தானாக எதையும் கேட்டறியாது. கொடுத்ததைக் கொண்டே முடிவு காணும். ஆதலால் பத்துப் பார்களுக்கும் அடர்த்தி, வயது, மாதிரி முத்தின் விலை என்ற மூன்று செய்திகளையும் முன்கூட்டியே திரட்டிக் கொடுக்கவேண்டும். அடர்த்தியும் வயதும் பார்வையிடும்போதே தெரிந்துவிடும். மாதிரி விலை அவ்வாறன்று. பல்லாயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்து, மதிப்பாளரிடம் காட்டியே விலையறிதல் கூடும். வெறுமையான பாருக்கும் இளஞ்சிப்பிப் பாருக்கும் இப்பாடுபடுவது வீண் செலவன்றோ?

பின்னோக்குத் தொடர் இவ்வீண் செலவைத் தவிர்க்கும். ஆனால் கேட்காத கேள்விக்கு விடை தேடாது. 'குளிப்பு அறிவிக்கலாமா?' என்ற ஒரே இலக்கை வைத்துக்கொண்டு அது புறப்பட்டால், பெரிய பாரிலே கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகள் படிந்திருப்பது அதன் கண்ணில் படாது. அவற்றைப் பெயர்த்து இடவேண்டும் என்ற ஐந்தாம் விதி எழாமலே உறங்கிக் கிடக்கும்.

பெரிய பாரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அது கரையிலிருந்து வெகுதூரம் விலகி, ஆழ்கடலின் விளிம்பை அணுகிக் கிடப்பது. அங்கே இளஞ்சிப்பிகள் அளவிறந்து தோன்றுவதும், சில மாதங்களில் மறைவதும் வழக்கமாயிருந்தன. இவை உட்பக்கத்துப் பார்களுக்குச் சென்று குடியேறுகின்றன என்று கருதி, அதனைத் தாய்ப் பார் என மக்கள் மதித்தனர். லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன், தம் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் 1902 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து பார்களை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே, சில மாத இடைவெளியில், பெரிய பாரிலே இளஞ்சிப்பிக் கூட்டம் இருந்ததும் பின்பு மறைந்ததும் காணப்பட்டன. அப்பார் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்துக்கு ஆட்பட்டது என்றும், இளஞ்சிப்பிகள் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு அழிகின்றன என்றும், அவற்றை முன்னதாகவே எடுத்து நல்ல பார்களில் இடுதல் தக்கது என்றும் அவர் எடுத்துரைத்தார். எதிர்பாராத செய்தி ஒன்று புதிய முடிவைப் பிறப்பித்தல் முன்னோக்கு நடையின் சிறப்பு. 'தாய்ப் பார் என்பது மெய்யானால் குடியேறிய சிப்பி உட்பார்களில் காணப்படவேண்டுமே' என்று ஒரு கொள்கையை நிறுத்தி அதற்குரிய சான்றைத் தேடுதல் பின்னோக்கு நடையின் சிறப்பு. ஆராய்ச்சியாளனுக்கு இரண்டும் வேண்டும்.

இனி இரண்டையும் இணைக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம். கார்த்திகை மாதத்தில் பார்வைப் படகு பத்துப் பார்களையும் சுற்றி வருகிறது என்று கொள்வோம். செவல் பாரிலே நான்காண்டுச் சிப்பி அடர்ந்துள்ளது. பெரிய பாரிலே இளஞ்சிப்பி படிந்துள்ளது. மற்றவை வெறுமையாய் உள்ளன. இச்செய்திகள் கிடைத்தவுடன் முன்னோக்கு நடை தொடங்கும். முதலாம் விதி எழுந்து, செவல் பார் முதிர்ந்தது என்று காட்டும். நான்காம் விதியும் ஐந்தாம் விதியும் எழுந்து, பெரிய பாரின் சிப்பியைப் பெயர்த்து இடுக என்று பணிக்கும்.

'முதிர்ந்த பார்' என்ற முடிவு பிறந்ததும் நடை திரும்புகிறது. 'செவல் பாரிலே குளிப்பு அறிவிக்கலாமா?' என்பது இப்போது ஆராயத்தக்க இலக்காகிவிட்டது. பின்னோக்கு நடை மூன்றாம் விதிக்கும் இரண்டாம் விதிக்கும் செல்லும். பார் முதிர்ந்ததா என்ற கேள்விக்கு விடை முன்னரே எழுதப்பட்டிருப்பதால் அதை மீண்டும் கேளாது. எஞ்சுவன இரண்டே கேள்விகள்: மாதிரி முத்தின் விலை என்ன? கடல் அமைதியாய் இருக்குமா? பத்துப் பார்களுக்குச் செய்யவேண்டியிருந்த மாதிரி மதிப்பீடு ஒன்றாகச் சுருங்கிவிட்டது. விலை வந்து சேர்ந்ததும் அது புதிய செய்தியாகும்; மீண்டும் முன்னோக்கு நடை அதனை ஏந்திச் செல்லும்.

இவ்விணைப்பின் உயிர்நிலை யாதெனின், இரு நடைகளும் ஒரே ஏட்டிலே எழுதுவதுதான். கண்டறிந்த செய்திகளோடு, 'இன்னது அறியப்பட வேண்டும்' என்ற தேவையும் அதே ஏட்டிலே ஒரு பதிவாக இடம்பெற வேண்டும். அவ்வாறு செய்தால், 'மாதிரி விலை தேவை' என்ற பதிவைக் கண்டவுடன் 'மாதிரி எடுக்க ஆளனுப்புக' என்னும் விதி தானாக எழும். அதாவது, இலக்கையே ஒரு செய்தியாக்கிவிட்டால், முன்னோக்கு இயந்திரமே பின்னோக்கு வேலையையும் செய்துவிடும். 'ஜெஸ்' என்னும் விதிமொழி இம்முறையையே கையாண்டது.

இன்னொன்றும் இன்றியமையாதது. ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் அது எவ்வெச் செய்திகளை ஆதாரமாகக் கொண்டது என்று குறித்து வைத்தல் வேண்டும். மாசி மாதத்தில் மறுபடி பார்க்கும்போது செவல் பாரிலே இறந்த ஓடுகள் மலிந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். திருக்கை மீன் தின்றிருக்கலாம், மணல் மூடியிருக்கலாம். ஆறாம் விதி எழுந்து 'முதிர்ந்த பார்' என்ற முடிவை நீக்கும். அதனைத் தாங்குகோலாகக் கொண்டிருந்த 'பயன்தரும் பார்', 'குளிப்பை அறிவிக்கலாம்' என்ற முடிவுகளும் அத்துடன் விழவேண்டும். ஆதாரக் குறிப்பு இல்லையானால், அடித்தளம் சரிந்த பின்னும் மேல்மாடி நிற்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருக்கும். ஆதாரங்களைப் பேணும் இம்முறையை ஜோன் டாயில் என்பவர் 1979 ஆம் ஆண்டில் விரித்துரைத்தார்.

கணினி உலகில் இவ்விரு வழிகளும் தனித்தனியே புகழ் பெற்றவை. 1970களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய 'மைசின்' என்னும் அமைப்பு, குருதியிலே பரவும் தொற்றுக்குக் காரணமான கிருமியை ஆராய்ந்து மருந்து கூறுவது. பெரும்பாலும் பின்னோக்கி நடப்பது. 'இதை ஏன் கேட்கிறாய்?' என்று மருத்துவர் வினவினால், தான் நிறுவ முயலும் இலக்கை எடுத்துக்காட்டி அது விடையிறுக்கும். 1972 ஆம் ஆண்டளவில் பிரான்சின் மார்செய் நகரில் தோன்றிய 'புரோலொக்' மொழியும் பின்னோக்கு வழியினதே. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜோன் மக்டெர்மட் ஆக்கிய 'ஆர்-1' என்பதோ முன்னோக்கி நடந்தது. ஒருவர் கேட்ட கணினிக்கு எவ்வெவ்வுறுப்புகளை எவ்வாறு பூட்டுவது என்று தீர்மானிப்பது அதன் பணி. அங்கே முடிவுகள் எண்ணிறந்தவை; ஒவ்வொன்றையும் இலக்காக நிறுத்திச் சோதித்தல் இயலாது. கையிலுள்ள உறுப்புகளிலிருந்து கட்டிக்கொண்டு போவதே தகும்.

இதிலிருந்து பொதுவான ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு செய்தியிலிருந்து பல முடிவுகள் கிளைக்குமாயின், இலக்கிலிருந்து தொடங்குவது நன்று. ஒரு முடிவை நிறுவப் பல கேள்விகள் கிளைக்குமாயின், செய்தியிலிருந்து தொடங்குவது நன்று. செய்தி கிடைப்பது அரிதும் செலவும் ஆயின் கேட்டுப் பெறுக. செய்தி தானே வந்து குவியுமாயின் அது கொண்டு செல்லும் வழியே செல்க. உலக வாழ்வில் இரண்டும் கலந்தே வருவதால், இணைப்பும் தேவையாகிறது.

முத்துக்குளிப்பு பழங்கதையாயிற்றே, இன்றைக்கு இதனால் என்ன என்று கேட்பவருக்கு மன்னாரே மற்றொரு விடை தருகிறது. 2012 ஆம் ஆண்டுக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவின் கிணறுகளிலே 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அந்நுளம்பே. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வாழப் பழகியது அது. எவரும் இலக்காக நிறுத்திக் கேளாமலே, விழிப்பான கண்காணிப்பில் அகப்பட்ட செய்தி இது. இந்நுளம்பு உள்ள ஊர் ஆபத்துள்ள ஊர். ஆபத்துள்ள ஊரின் கிணறுகளைச் சோதிக்கவேண்டும். அங்கே வரும் காய்ச்சலை அலட்சியம் செய்யலாகாது என முடிவுகள் முன்னோக்கித் தொடரும்.

காய்ச்சலோடு ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால் நடை திரும்பும். 'இது மலேரியாவா?' என்ற இலக்கு எழும். அண்மையில் மலேரியா உள்ள நாட்டுக்குச் சென்று வந்தீர்களா, இரத்தத்திலே ஒட்டுண்ணி உண்டா என்று வேண்டியவற்றை மட்டும் கேட்கும். நோய் மறைந்துவிட்ட நாட்டில் மருத்துவர் அக்கேள்வியை மறப்பது இயல்பு. முன்னோக்கு நடை அதனை நினைவூட்டும். பின்னோக்கு நடை அதற்கு விடை காணும். ஒன்றில்லாமல் மற்றொன்று போதாது. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு திரும்பும் ஒரேயொருவரும், அக்கிருமியைச் சுமக்கவல்ல நுளம்பும் ஒரே ஊரிலே சந்திப்பதைத் தடுப்பதே இங்கு நோக்கம்.

முடிவாக, இணைப்பவர் மறக்கலாகாத எச்சரிக்கைகள் சில. அ என்பதை நிறுவ ஆ வேண்டும், ஆ என்பதை நிறுவ அ வேண்டும் என்று விதிகள் வட்டமிடுமானால், பின்னோக்கு நடை செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆராய்ந்துகொண்டிருக்கும் இலக்கை மறுபடி எடுக்காதவாறு தடை வேண்டும். முன்னோக்கு நடையிலோ தேவையற்ற முடிவுகள் பெருகி ஏட்டை நிறைக்கக்கூடும். எவ்வகை முடிவுகளைப் பின்தொடரலாம் என்று வரையறுக்க வேண்டும். எப்போது நடை திரும்பவேண்டும் என்பதையும் தெளிவாக வகுத்தல் வேண்டும். ஒரு படகிலே சுக்கானைப் பிடிப்பவர் இருவராயின் படகு கரை சேராது.

எல்லாவற்றினும் மேலாக, விதி நல்லதாயின் அன்றி நடை நல்லதாயிருந்தும் பயனில்லை. 1903 முதல் 1905 வரை தொடர்ந்து நடந்த குளிப்புகளின் வளத்தைக் கண்டு, கம்பனி ஒன்று 1906 ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா இறுக்க ஒப்பி, இப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி கிடைக்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. கண்ட வளத்திலிருந்து முன்னோக்கிச் சென்றவர்கள், 'இருபது ஆண்டும் வளம் நிலைக்க என்னென்ன வேண்டும்? அவை உள்ளனவா?' என்று பின்னோக்கி ஒருமுறை கேட்டிருப்பின், வெறுமையாய்க் கிடந்த முந்தைய ஆண்டுகளின் வரலாறே அவர்களுக்கு விடை கூறியிருக்கும்.